மாடி அறையின் மெயின் சுவிட்ச்

மே 14, இரவு

மாடி அறையில் குடியிருக்கும் திருநெல்வேலிப் பெண் செல்விக்கு ஒரகடம் கம்பெனியில் இந்த மாதம் முழுக்க நைட் ஷிஃப்ட். பகலெல்லாம் ஃபேனைப் போட்டுக்கொண்டு தூங்குவாள். வாடகையிலேயே கரண்டும் சேர்த்தி என்று பேசியது நான்தான். ஆனாலும் போன பில்லைப் பார்த்ததும் மனசு பொறுக்கவில்லை. ஒரு வாரமாகப் பகல் பதினோரு மணிக்கு மாடி மெயினை அணைத்துவிட்டு, நாலு மணிக்குப் போடுகிறேன். அவள் கேட்டபோது, "இன்னா பண்றது, வெயில் காலம்னா கரண்ட் கட்டுதான்" என்று சொல்லிவிட்டேன்.

இன்று மத்தியானம் கதவைத் தட்டினாள். நைட்டி வியர்வையில் ஒட்டிக்கிடந்தது. மாடியில் ஷீட்டுக் கூரை. அந்த நேரத்தில் நான் அங்கே பத்து நிமிடம் நிற்க மாட்டேன்.

"யக்கா, தல சுத்துது. செத்த நேரம் இங்க படுத்துக்கிடட்டா?"

கூடத்தில் என் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. டிவியும்தான். அவள் நிமிர்ந்து ஃபேனைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "ஒங்களுக்கு லைன் வேற போலக்கா" என்று அவளே சொன்னாள். பாய்கூடக் கேட்காமல் தரையில் சுருண்டு தூங்கிவிட்டாள்.

சத்தமில்லாமல் வெளியே போய் மெயினைப் போட்டேன். அவள் எழுந்ததும், "கரண்ட் வந்துடுச்சும்மா" என்றேன். அப்போதும் பொய்.

"சரிக்கா" என்றாள்.

அவளுக்குத் தெரியும். அவள் திட்டியிருந்தால் பில்லைக் காட்டி வாயாடியிருப்பேன். காலையில் ஷிஃப்ட் முடிந்து அவள் வந்ததும் நானே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்.