பாதி விலைக்கு வரும் வரை

மார்ச் 9, 2021

மழை. யார்டு முழுக்கச் சேறு. காலையில் ஒரு பழைய வேன் போயிற்று. வாங்கியவர் நாலு டயரையும் உதைத்துப் பார்த்துவிட்டுத் திருப்தியாக ஓட்டிப் போனார். டயரை உதைத்தால் என்ன தெரியும்? இத்தனை வருஷமாகப் பழைய வண்டி வாங்கி விற்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

மாலையில் சகலை வந்தான். என் மனைவியின் தங்கை புருஷன், பல் டாக்டர். உறுமல் கேட்டு வெளியே போனால், கரும்பச்சையில் புதிதாக ஒன்று தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. இரண்டே கதவு. எட்டு சிலிண்டர்.

"எப்படி அண்ணே இருக்கு?"

"ஷோரூம் கேட்டைத் தாண்டினப்பவே பத்துல ஒரு பங்கு போச்சு. தெரியுமா டாக்டரே?"

சிரித்தான். "இப்படிச் சொல்வீங்கன்னுதான் முன்னாடியே சொல்லல."

இந்தக் குடும்பத்தில் என்னைக் கேட்காமல் யாரும் ஒரு ஸ்கூட்டர்கூட வாங்கியதில்லை. நான் எந்தக் காலேஜிலும் படிக்கவில்லை. பிரித்துப் போட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் முழித்து, அப்படிக் கற்றுக்கொண்டது. அதற்கு மரியாதை இவ்வளவுதான்.

"உட்காருங்க, ஒரு ரவுண்டு போலாம்" என்றான். மாட்டேன் என்றுவிட்டேன். விலை பேசி முடிக்காத வண்டியில் உட்காரக் கூடாது. இது எங்கள் தொழிலில் முதல் பாடம். உட்கார்ந்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடும். அதன் பிறகு பேரம் ஏது?

ஆனால் அவன் வண்டியை விலை பேசவே இல்லையே. பிறகு ஏன் உட்காரவில்லை?

மார்ச் 10

பல் பிடுங்கப் போக எட்டு சிலிண்டர் எதற்கு?

ஏப்ரல் 2

சாப்பிடும்போது மனைவியிடம் விளக்கினேன். முதல் வருஷம்தான் விலையில் பெரிய சறுக்கல். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் ஒரு படி. தைத்த தோல் சீட்டுக்கும் விலை உயர்ந்த பிரேக்குக்கும் தனியாகக் கொட்டிக் கொடுத்திருக்கிறானே, விற்கும்போது அதற்கு ஒருத்தனும் காலணா தரமாட்டான். ஒரு செட் டயர் மாற்றும் செலவில் சாதாரண ஆள் ஒரு பழைய கார் வாங்கிவிடுவான். யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. மூன்று வருஷத்தில் பாதி விலை.

"அவங்க காசு, அவங்க யானை" என்றாள். "உங்களுக்கு ஏன் வயிறு எரியுது?"

எரியவில்லை. இது கணக்கு. கணக்குச் சொன்னால் எரிச்சல் என்கிறார்கள்.

ஏப்ரல் 3

பாதிக்கு வந்தால் என் கைக்கு எட்டும்.

எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்கிற பழக்கம் எனக்கில்லை.

நவம்பர் 14, 2022

அவன் கிளினிக் வழியாக வந்தேன். அது சுற்றுவழி என்று கூட வந்த என் யார்டு மெக்கானிக் சொன்னான். இருந்தால் என்ன? வாசலில் வண்டி. பக்கத்தில் நின்று இரண்டு பேர் படம் எடுத்துக்கொள்கிறார்கள், அவர்களே வாங்கியது போல.

பின் டயர் ஓரம் தேய்ந்திருக்கிறது. முன்பக்கம் அடியில் வேகத்தடை இழுத்த கோடு. நல்லது. இரண்டும் விலையை இறக்கும்.

ஓட்டுவதும் போதாது. வீட்டுக்கும் கிளினிக்குக்கும் இடையில் அதை நத்தையாக ஊர வைக்கிறான். என் கையில் இருந்தால்—

டிசம்பர் 25, 2022

மைத்துனி வீட்டில் சாப்பாடு. எல்லோரும் அந்த வண்டியில் ஒருமுறை போய் வந்தாகிவிட்டதாம். மூட்டு வலிக்காரி என் மனைவியும் போயிருக்கிறாள், என்னிடம் சொல்லாமல். "இறங்கறதுக்கு ரெண்டு பேர் கை கொடுத்தாங்க, ஆனா என்ன சுகம்" என்கிறாள்.

"அத்தான் மட்டும்தான் பாக்கி" என்றாள் மைத்துனி.

"நான் பார்க்காத வண்டியா?"

"பார்த்துக்கிட்டேதான் இருக்கீங்க, அதைத்தான் நானும் சொல்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள்.

ஆகஸ்ட் 6, 2023

கெட்ட செய்தி. அந்த எஞ்சினை இனிமேல் செய்யப்போவதில்லையாம்; எல்லாம் பேட்டரிக்கு மாறுகிறதாம். வெளியே இருப்பது எத்தனையோ அத்தனைதான். கியரைக் கையால் மாற்றுகிற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம், விலைச் சறுக்கல் நின்றுவிடும். இவன் வாங்கியது அதுதான். தெரிந்தா வாங்கினான்? பச்சை பிடித்தது, வாங்கினான். ஒன்றும் தெரியாதவனுக்குத்தான் எல்லாம் தானாக வந்து விழுகிறது.

சகலைக்குப் போன் செய்தேன். "பேட்டரி காலம் வந்துடுச்சு. பெட்ரோல் வண்டியை யார் சீண்டப் போறாங்க, யோசிச்சு வைங்க" என்றேன். முதல் பாதி உண்மை. கேட்காத மீதியை நான் ஏன் சொல்ல வேண்டும்?

பிப்ரவரி 18, 2024

விற்கப் போகிறான்.

அவனே போன் செய்தான். முதுகு வலி. "நாள் பூரா குனிஞ்சு வாய்க்குள்ள பார்க்கிறேன் அண்ணே. அப்புறம் குனிஞ்சு வண்டிக்குள்ள போகணும். முடியல. வேற யாருக்கும் இல்ல, உங்களுக்குத்தான். நீங்க சொல்ற விலை."

நீங்க சொல்ற விலை. மூன்று வருஷம் காத்திருந்ததற்குப் பலன் இது. மெக்கானிக்கிடம் ஷெட்டில் மூலையைக் காலி செய்யச் சொன்னேன். எதற்கு என்று கேட்டான். சும்மா என்றேன்.

பிப்ரவரி 20

வண்டியைக் கொண்டுவந்தான். நான் ஒரு சுற்று வந்தேன். எப்படிச் செய்ய வேண்டுமோ அப்படிச் செய்தேன். கதவைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டேன். குனிந்து அடியில் பார்த்து உச்சுக்கொட்டினேன். பிரேக் தட்டு தேய்ந்திருக்கிறது. ஓட்டாமல் வைத்ததில் எஞ்சின் ரப்பரெல்லாம் காய்ந்திருக்கும். குளிர்ந்த எஞ்சினில் கியர் முனகுகிறது. இந்தப் பச்சையை எவன் வாங்குவான்? மெக்கானிக்கும் தன் பங்குக்குத் தலையை ஆட்டினான்.

இது எங்கள் தொழிலில் வணக்கம் சொல்வது மாதிரி. நான் குறை சொல்வேன், விற்பவன் இல்லை என்பான், நான் போகிற மாதிரி திரும்புவேன், அவன் கையைப் பிடிப்பான். நடுவில் ஒரு விலை பிறக்கும்.

இவன் இல்லை என்று சொல்லவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் முகம் வாடிக்கொண்டே போனது. "இவ்வளவு கெட்டுப் போயிருக்கா? நல்லவேளை சொன்னீங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் திரும்பவும் இல்லை. அவன் கையைப் பிடிக்கவும் இல்லை.

போகட்டும். நாளை வருவான்.

பிப்ரவரி 23

கண்ணாடிக்காரனிடம் விற்றுவிட்டான்.

மெயின் ரோட்டில் கண்ணாடிச் சுவர் வைத்த கடை போட்டிருக்கிறானே, அவனிடம். நான் ஏ.சி. இல்லாமல் சேற்றில் நின்று விற்பதை அவன் விளக்குப் போட்டு விற்கிறான்.

"ஏன் அங்க போனீங்க?" என்றேன்.

"கெட்ட பல்லைத் தெரிஞ்சுக்கிட்டே சொந்தக்காரர் தலையில கட்டறதா? மனசு வரல அண்ணே. உங்க கடைப் பேரும் கெட்டுடும். நீங்க சொன்ன குறை அத்தனையும் அவர்கிட்ட ஒண்ணு விடாம சொல்லிட்டேன். பாவம் மனுஷன், இருந்தாலும் எடுத்துக்கிட்டார்."

என்ன விலைக்கு என்று கேட்டேன். பாதிக்கும் கீழே.

என் வாயாலேயே எவனுக்கோ பேரம் பேசிக் கொடுத்திருக்கிறேன். டாக்டர்களிடம் இதுதான் தொல்லை. குறை சொன்னால் நம்பிவிடுகிறார்கள்.

மார்ச் 1

சகலைக்கு வேறு வண்டி வேண்டுமாம். யார்டிலிருந்து சின்ன வெள்ளைக் கார் ஒன்றைக் கொடுத்தேன். சீட் உயரம். குனியாமல் ஏறினான், குனியாமல் இறங்கினான். "இதுதான் அண்ணே சொர்க்கம்" என்கிறான். இந்த மனுஷனுக்கு எதிலும் குறை தெரியாது.

மார்ச் 4

கண்ணாடிக்காரன் கடை வழியாக வந்தேன். துடைத்து, விளக்குக்கு நேர் கீழே நிறுத்தியிருக்கிறான். விலை அட்டையைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மார்ச் 6

மறுபடியும் அந்த வழி.

மார்ச் 7

உள்ளே போனேன்.

"வாங்கண்ணே, அதிசயமா இருக்கு" என்றான் கண்ணாடிக்காரன். சும்மா பார்க்க வந்தேன் என்றேன். ஒரு சுற்று வந்தேன். கதவைத் தட்டவில்லை. குனியவில்லை. கதவு திறந்திருந்தது. தோல் சீட்டு வாசம்.

உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்டீயரிங்கில் கை வைத்தேன். எவ்வளவு நேரம் இருந்தேனோ. நிமிர்ந்து பார்த்தால் அவன் விலை அட்டையை எடுத்து மேஜைக்குள் போடுகிறான். சிரிக்கக்கூட இல்லை.

"டீ சொல்லட்டுமா அண்ணே? நாம ரெண்டு பேரும் தொழில்காரங்க. பேரம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம்."

பேரம் பேசவில்லை.

மார்ச் 17

மைத்துனி வீட்டுக்குச் சாப்பிடக் கிளம்பினோம். எங்களை அழைத்துப் போகச் சகலை வந்தான். ஷெட்டில் பச்சையைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கு.

"ஐயோ, சுத்தி உங்க தலையிலயே கட்டிட்டாங்களா? என்னாலதானே அண்ணே?"

"இந்த ரகத்துக்கு இனிமே விலை இறங்காது" என்றேன். "வாங்கறதுக்கு ஆள் அலையறான்."

"கியர் முனகுமே?"

"எஞ்சின் சூடானா போயிடும்."

என்னை நம்பியதாகத் தெரியவில்லை. முதல் தடவையாக.

மனைவி பச்சையை ஒரு பார்வை பார்த்தாள். "அதுல ஏறினா யார் என்னைத் தூக்கி விடறது?" வெள்ளைக் காரில் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

நான் என் வண்டியில் தனியாகப் பின்னால் போனேன். தெரு முழுக்க நெரிசல். எட்டு சிலிண்டரையும் வைத்துக்கொண்டு இரண்டாம் கியரைத் தாண்டவில்லை. வேகத்தடையில் அவன் ஏறி இறங்கிப் போய்விட்டான். எனக்கு அடியில் இழுத்தது. முன் கண்ணாடி வழியாகப் பார்த்தால் இருவரும் எதற்கோ சிரித்துப் பேசிக்கொண்டு போகிறார்கள்.

அந்த வெள்ளைக் கார் நல்ல வண்டிதான். இவனுக்கு முன்னால் ஒரே கை ஓட்டியது, சரியான நேரத்தில் சர்வீஸ், எந்த நிறம் பிடித்தவனும் வாங்குகிற வெள்ளை. இன்னும் நாலு வருஷம் கழித்து விற்றாலும் பெரிதாக ஒன்றும் இறங்காது. அவசரத்தில் கொடுத்துவிட்டேன்.

விற்பதாக இருந்தால் முதலில் என்னிடம் சொல்லுங்க என்று அவனிடம் சொல்லி வைக்க வேண்டும்.