பச்சை என்றால் எந்தப் பச்சை

ஓசூர்
12.11.1987

அன்புள்ள மகள் ராஜாத்திக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், டேராடூன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். முதலில் புதுச் செய்தி. பக்கத்து வீட்டுச் சென்னப்பன் நேற்று பெங்களூர் நூல்கடைக்கு நேரில் போய்க் கேட்டு வந்து சொன்னது: குழந்தை ஸ்வெட்டருக்கு நான் வாங்கிய பச்சைக் கம்பளி நூல், ஒரே சாயத்தில் முக்கிய அந்த லாட் நம்பரில், இப்போது கடையில் இல்லை. குடோனில் தேடிச் சனிக்கிழமை சொல்வார்களாம். அவர் மனைவி நாராயணம்மா அந்தக் கடைக்குப் போயிருந்த இரண்டாம் தேதியன்று மட்டும் அலமாரியில் நாலு உருண்டை இருந்ததாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஆறவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஸ்வெட்டரில் முன்பக்கமும் முதுகும் முடிந்துவிட்டன, இரண்டு கைக்கு நூல் போதவில்லை. நாராயணம்மா தன் மகள் ருக்மணியின் நிச்சயதார்த்தச் சால்வைக்கு மணி வாங்கப் பெங்களூர் சிக்பேட்டை போனாள். அந்தச் சால்வையையும் நான்தான் பின்னுகிறேன், அப்பாவின் மஃப்ளர் வேறு பாதியில் ஊசியோடு கிடக்கிறது, வேலை முடிந்து வந்து மூன்றையும் மாற்றி மாற்றி எடுக்கிறேன். போகும்போது அவள் கையில் ஒரு முழம் வெள்ளை நூலும் ஒரு முழம் பச்சை நூலும் கொடுத்து, வெள்ளை மணியின் ஓட்டையில் நுழைகிறதா பார்க்க, பச்சை நிறம் ஒத்துப் பார்க்க என்று இரண்டு தரம் சொன்னேன். மணிக்கு இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறாள். ஒவ்வொரு ரகத்தையும் வெள்ளை நூலில் கோத்துப் பார்த்து, ஓட்டை சின்னதையெல்லாம் தள்ளி, பால் நிறத்தில் லேசாக ரோஸ் ஓடுகிற மணியாக எடுத்து வந்திருக்கிறாள். அதில் நான் குற்றம் சொல்ல மாட்டேன். என் நூலை மட்டும் வாயாலேயே பச்ச என்று கேட்டிருக்கிறாள். கடைக்காரரும் அவளைப் போலத் தெலுங்குக்காரர், மஞ்சளை எடுத்துக் கட்டிக் கொடுத்துவிட்டார், அரைத்த மஞ்சள் நிறம். கேட்டதற்கு அவள், "மஞ்சக் காமாலையக்கூட எங்க வீட்ல பச்ச காமெர்லுன்னுதான்க்கா சொல்லுவோம். பச்ச கேட்டீங்க, பச்ச கொண்டாந்தேன்" என்றாள். அவள் பாஷையில் அது சரியாகவே இருக்கட்டும், பொய் சொல்கிறவள் இல்லை. அப்புறம் நான் கொடுத்த சாம்பிள் எதற்கு? அது எங்கே போயிற்று என்று பார்த்தால், மணிப் பொட்டலத்தின் வாயை என் பச்சை நூலால் இறுக்கிக் கட்டி இரண்டு முடிச்சும் போட்டு வந்திருக்கிறாள். கம்பெனி ஸ்டோரில் பன்னிரண்டு வருஷமாகச் சாம்பிளோடு ஒத்துப் பார்க்காமல் ஒரு போல்ட்டைக்கூட நான் உள்ளே விட்டதில்லை. அப்பா சிரிக்கிறார், உன் நூல் பெங்களூர் பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பி வந்ததே என்கிறார். அவர் மஃப்ளர் இந்த வருஷம் முடியாது.

பச்சை வரும்வரை சால்வையைத் தொட மாட்டேன் என்று நாராயணம்மாவிடம் சொல்லிவிட்டேன். "கல்யாணப் பொண்ணு மேல என்னாக்கா கோவம்" என்று கேட்டுவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் எடுத்துப் பன்னிரண்டு வரிசை போட்டேன், அது அவளுக்குத் தெரிய வேண்டாம். நிச்சயதார்த்தம் டிசம்பர் நாலாம் தேதி.

கோபம் உன்மேலும் உண்டு. மூன்று கடிதத்தில் குழந்தையின் கை நீளம் கேட்டேன், குத்துமதிப்பாகப் போடும்மா என்று எழுதுகிறாய். போட்டோவைப் பார்த்து நான் கை வைக்கவா? தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு நூலை வைத்துப் பார், அந்த இடத்தில் வெட்டிக் கவரில் போடு. இஞ்ச் எழுதாதே, நூலையே அனுப்பு. அதை வைத்து எந்தப் பொட்டலத்தையும் கட்டிவிடாதே. மத்திகிரித் தங்கதுரை லீவு முடிந்து இருபத்தைந்தாம் தேதி அங்கே பட்டாளத்துக்குத் திரும்புகிறார், ஸ்வெட்டர் அவர் கையில்தான் வரும். உன் நூல் இருபதாம் தேதிக்குள் எனக்குக் கிடைக்க வேண்டும்.

குழந்தைக்குக் காதை மூடிக் கட்டு, காலையில் வெறுந்தரையில் விடாதே. மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து இருங்கள். சென்னப்பன் சனிக்கிழமை மறுபடி போகிறார், சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸில் பதில் தெரியும். பச்சை கிடைக்காவிட்டால் இரண்டு கையும் மஞ்சள்தான். யாராவது கேட்டால், தெலுங்கில் இரண்டும் பச்சைதான் என்று சொல்லிக்கொள்.

உன் அம்மா
சரோஜம்மாள்