வாத்தும் காத்திருக்கணும்

ஜூன் 4, ஞாயிறு இரவு

அன்புள்ள உங்களுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். நம் வாலுப்பெண் இப்போதுதான் தூங்கினாள். கப்பலில் நெட் வரும்போது படியுங்கள்.

இன்று போனை வைத்துவிட்டு ஓடினாளே, அதைப் பற்றித்தான். "டாய்லெட் போயிருக்கா" என்று நான் சொன்னது பொய். கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். "இனிமே அப்பாகிட்ட பேச மாட்டேன். நான் பேசுறப்பவே அவரும் பேசுறாரு. நான் சொல்றதக் கேக்கவே மாட்டேங்கிறாரு" என்கிறாள். கப்பலிலிருந்து குரல் வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஏழு வயசுக்கு ஏறவில்லை. நீங்கள் வர இன்னும் ஐந்து மாதம். அதற்குள் உங்களோடு பேசுவதே விட்டுப்போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

வேறு செய்தி. நூலகத்தில் சனிக்கிழமைதோறும் குழந்தைகளுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் சொல்லித்தருகிறார்கள். நேற்று சேர்த்தேன். பெற்றவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டுமாம். கல்லூரியில் புரோகிராம் எழுதும்போது ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனதற்கு ராத்திரி முழுக்க அழுதவள் நான்; பயந்துகொண்டேதான் போனேன். இங்கே டைப் அடிக்கிற வேலையே இல்லை. கலர் கலராகப் பிளாக்குகள். "நட", "திரும்பு", "சொல்" என்று எழுதியிருக்கிறது. இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, பச்சைக் கொடியை அமுக்கினால் திரையில் பொம்மை அப்படியே செய்கிறது.

அவளை என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

உங்கள்
பயந்தாங்கொள்ளி

*

ஜூன் 6, செவ்வாய்

என் பயந்தாங்கொள்ளிக்கு,

கட்டிலுக்கடியிலா? டாய்லெட் என்று நீ சொன்னபோதே சந்தேகப்பட்டேன். உனக்குப் பொய் சொல்ல வராது.

இங்கே எந்த மோட்டார் நின்றாலும் எலெக்ட்ரீசியன் என்று என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், நானும் எப்படியோ ஓட்டிவிடுகிறேன். என் பெண் பேச்சை நிறுத்தினால் எந்த ஒயரைப் பார்ப்பது? அதட்டிப் போனைக் கையில் திணிக்காதே. வந்தால் பேசட்டும். ஞாயிற்றுக்கிழமை நான் எப்படியும் கூப்பிடுவேன். மணி அடிப்பதையாவது கேட்கட்டும்.

கப்பல்காரன்

*

ஜூன் 11, ஞாயிறு இரவு

அன்புள்ள கப்பல்காரருக்கு,

நேற்று வகுப்பில் இரண்டு பொம்மைகளைப் பேசவைக்கச் சொன்னார்கள். வாலு தனக்கு ஒரு வாத்து எடுத்துக்கொண்டாள். உங்களுக்கு ஆமை, அதுவும் அவளே வரைந்தது. "அப்பாதான் லேட்டா பதில் சொல்றாரே!"

கொடியை அமுக்கியதும் இரண்டும் ஒன்றாகப் பேசின. வாத்து, "எனக்குப் பல்லு விழுந்துடுச்சு." ஆமை, "எப்படி இருக்கே?" அவளுக்கு வந்ததே கோபம், ஆமையை அழிக்கப் போய்விட்டாள். டீச்சர் ஓடிவந்து, "ஆமை மேல என்னடி தப்பு? கொடி அமுக்குனதும் பேசுன்னு நீதானே ரெண்டுக்கும் சொன்னே?" என்று கேட்டு, எத்தனை விநாடி என எண் போடுகிற "காத்திரு" பிளாக்கைக் காட்டினார். வாலு ஆமைக்கு ஒன்று ஒட்டினாள். முதல் வரி சரியாக வந்தது. இரண்டாவது வரியில் மறுபடி மோதல். திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "ஓ... வாத்தும் காத்திருக்கணும்" என்று தானே இன்னொன்றை இழுத்து ஒட்டினாள்.

திரும்பி வரும்போது, "அப்பா போனுக்கு எத்தன விநாடிம்மா போடணும்?" என்றாள். மூன்று என்றேன்.

"உனக்கும் ஒண்ணு போடணும். நடுவுல நடுவுல 'ஹலோ, கேக்குதா'ன்னு கத்துறது நீதான்."

சரி, எனக்கும் ஒன்று என்று ஒப்புக்கொண்டேன்.

இன்று பேசியது உங்களுக்கே தெரியும். பார்க்காததைச் சொல்கிறேன். போன் ஸ்பீக்கரில். அவளுடைய ஒரு கை விரல்விட்டு எண்ணியது. இன்னொரு கை என் வாய்மேல். "எந்தப் பல்லு?" என்று நீங்கள் கேட்டதும், "அப்பா கேட்டுட்டாரும்மா!" என்று என் காதில் கிசுகிசுத்தாளே, அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கடைசியாக, "ஆமைக்கு என்ன கலர் வேணும்ப்பா?" என்று கேட்டுவிட்டு எண்ணத் தொடங்கினாள். அப்போதுதான் லைன் போயிருக்கிறது. நான் ஹலோ சொல்லவில்லை. கைவிரல் தீர்ந்து கால்விரலுக்கு வந்த பிறகுதான் போனைப் பார்த்தாள். அழவில்லை. "அப்பா சொல்லுவாரு, கொஞ்சம் லேட்டாகும்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை ஆமைக்குப் பச்சை அடிக்கலாமே என்றேன். கூடாதாம். ஆமை நூலகத்துத் திரையில் வெறும் கோடாகவே நிற்கிறது.

என்ன நிறம் என்று சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள்
பயந்தாங்கொள்ளி