வெர்னன் அண்ணனுக்காக மறைத்தது

அன்புக்குரிய வெர்னன் அண்ணே,

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. "தம்பி", "சாப்டியா" என்ற இரண்டு வார்த்தைதான் என்னிடம் கற்றுக்கொண்டீர்கள். இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தால் எனக்கு அழுகைகூட ஒழுங்காக வராது. அதனால் தமிழிலேயே எழுதுகிறேன்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. உங்கள் இடத்துக்குப் புது விளையாட்டு மாஸ்டர் வந்திருக்கிறார், ஒல்லியான ஆள். மைதானத்துப் புல்லுக்குத் தண்ணீர் விட்டு முடித்ததும் என் கால் தானாக உங்கள் அறைப் பக்கம் போய்விடுகிறது. வெள்ளிக்கிழமை வந்தால் ஷார்ஜா ரோலாவில் லீவுக்காரர்கள் அத்தனை கூட்டத்துக்கு நடுவே எங்கே போவதென்று தெரியாமல் நிற்கிறேன். ரொம்பத் தனிமையாக இருக்கிறது அண்ணே.

வெள்ளிக்கிழமைகளில் நீங்கள் அமெரிக்காவில் ஆடிய பழைய ஆட்டங்களைப் போட்டுக் காட்டுவீர்களே. பேர்தான் கால்பந்து, காலால் உதைப்பதே அபூர்வம். நான் பந்து போகும் பக்கமே பார்ப்பேன். "பந்த விடு தம்பி, முன்வரிசையப் பாரு" என்று எனக்குப் புரிகிற மாதிரி உடைத்த இங்கிலீஷில் சொல்லித் திரையைத் தட்டுவீர்கள். அங்கே கையைத் தரையில் ஊன்றிக் குனிந்திருப்பவர் நீங்கள். பந்தை எறிகிறவர்மேல் எவனும் வந்து விழாமல் முட்டித் தடுப்பது உங்கள் வேலை. ஒன்பது வருடம் அந்த வரிசையில் நின்றீர்கள். "ரெஃபரி மைக்குல எம்பேரு வந்தா, நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு அர்த்தம்" என்று சிரிப்பீர்கள்.

விரல் ஒடிந்தால் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஆடியதையும், முட்டிய வேகத்தில் கண் இருட்டினாலும் டாக்டரிடம் மூச்சுவிடாததையும் சொன்னீர்கள். வெளியே உட்கார்ந்தால் உங்கள் இடத்தில் இன்னொருவன் வந்து நின்றுவிடுவான். எனக்கு அது விளங்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கட்டட சைட்டில் வேலை பார்த்த காலத்தில் காய்ச்சலை மாத்திரையால் அமுக்கிக்கொண்டு டியூட்டிக்குப் போனவன் நான். லேபர் கேம்பில் ஒருத்தனுக்கு முடியவில்லை என்றால் ரூமே சேர்ந்து ஃபோர்மேனிடம் மறைக்கும். காட்டிக்கொடுக்காமல் இருப்பதுதான் எங்களுக்குச் சிநேகம்.

அதனால்தான், போன குளிர்காலத்தில் ரோலா பஸ் ஸ்டாண்டில் தினமும் ஏறும் பஸ் எது என்றே தெரியாமல் நீங்கள் விழித்துக்கொண்டு நின்றதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினீர்கள்.

"சொல்லிடாத தம்பி. வேலை போயிடும். டெனிஸ் வந்து கூட்டிட்டுப் போயிடுவா. அங்க சும்மா உக்காந்திருக்க என்னால ஆகாது."

டெனிஸ், அமெரிக்காவில் இருக்கும் உங்கள் ஒரே மகள்.

நான் மறைத்தேன். பிள்ளைகளுக்கான பயிற்சிகளை அட்டையில் எழுதி உங்கள் சட்டைப்பையில் வைத்தேன். ஆபீஸில் கேட்டால் சாருக்கு முழங்கால் வலி என்றேன். தினமும் உங்களை வீட்டில் விட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன். கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். கோடையில் பன்னிரண்டு நாள் லீவில் ஊருக்குப் போனபோதுகூட ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தப் பன்னிரண்டு நாளுக்குள்தான் நீங்கள் நடுப்பகல் வெயிலில் வழி தெரியாமல் நடந்து, ஒரு குடோன் சுவரோரம் விழுந்து செத்துப்போனீர்கள். எவ்வளவு தூரம் நடந்தீர்கள் அண்ணே? என்னைத் தேடினீர்களா?

டெனிஸ் போன் செய்தாள். "அப்பா இதுக்கு முன்னாடி இப்படி வழி தவறினது உண்டா? போன்ல நல்லாத்தான் பேசினாரு. நான்தான் கவனிக்காம விட்டுட்டேனா?" என்று கேட்டாள். "நோ ப்ராப்ளம் மேடம், அப்படி ஒண்ணும் இல்ல" என்றேன். இத்தனை வருட கல்ஃப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் அழுதாள். உங்களுக்காகச் சொன்ன பொய் அவள் தலையில் பழியாக இறங்கிவிட்டது.

என்னோடு ரூமில் தங்கியிருக்கும் செல்வத்திடம் சொன்னேன். "கலாஸ்டா, முடிஞ்சுபோச்சு, போனவரு போயிட்டாரு. இப்ப வாயத் தொறந்தா ஒன் வேலையும் போயிடும்" என்றான். என் நல்லதுக்குத்தான் சொல்கிறான். அவனுக்கு ஒன்று என்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆனால் மறைத்ததால் நீங்கள் பிழைக்கவில்லையே அண்ணே. நாளைக்கு டியூட்டி முடிந்ததும் டெனிஸுக்குப் போன் போடுவேன். எல்லாவற்றையும் சொல்வேன். அவள் என்னைத் திட்டட்டும், மன்னிக்காமலே போனை வைக்கட்டும். கவனிக்காமல் விட்டது அவள் இல்லை, தெரிந்தே விட்டவன் நான் என்பது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதல் முறையாக உங்கள் பேச்சைத் தட்டப்போகும் தம்பி,
முருகேசன்
ரோலா, ஷார்ஜா