முன் சக்கரங்கள் இழுக்கவில்லை

நவ. 4, செவ்வாய்

இன்றிலிருந்து நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். என் மேல் தப்பு இருந்தால் அதையும்.

இரவு தூறல். காலையில் மூடுபனி. அப்பாவின் பிக்கப்பில் வாழைத்தார், அதன்மேல் நான், பள்ளிக்கூடப் பை. எங்கள் ஊர் மலைமேல், ஒரு பள்ளத்தில். தார் ரோட்டுக்கு ஒன்றரை கி.மீ. மண்பாதை, முழுக்க ஏற்றம். நடுவில் செம்மண் மேடு. அங்கே வண்டி வழுக்கிப் பின்னால் வந்தது. நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கும் லீவரைப் போட்டும் ஏறவில்லை. பாதித் தாரை இறக்கிய பிறகே ஏறியது.

கீழே நின்று கவனித்தேன். பின் சக்கரங்கள் மட்டும் சேற்றை வாரி அடித்தன. முன் சக்கரங்கள் சும்மா.

அப்பாவிடம் சொன்னேன். மீட்டரில் பச்சை எரிகிறதே, நாலும் சேர்ந்துவிட்டது என்றார்.

கணக்குப் பரீட்சை பரவாயில்லை. அக்காவுக்கு ஒன்பதாம் மாதம், தலைப்பிரசவத்துக்கு இங்கே அழைத்து வந்திருக்கிறோம். டாக்டர் சொன்ன தேதிக்குப் பதினெட்டு நாள். கால் வீக்கம்.

நவ. 5, புதன்

பள்ளி விடுமுறை. காளப்பநாயக்கன்பட்டி மெக்கானிக் ஜமால் பாய் போனில் சொல்லச் சொல்ல அப்பாவும் நானும் செய்தோம்:

1. சமதளம். பின் சக்கரத்துக்குக் கல்.
2. லீவர் நாலு சக்கரத்தில். கியரில் விட்டு இன்ஜின் நிறுத்தம்.
3. முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். அது சுழலவே கூடாது.

சுழன்றது. ஒரு விரலால் தள்ளினாலே.

அடியில் புகுந்து, முன் அச்சுக்கு வரும் தண்டைத் திருகிப் பார்த்தேன். அது அசையவில்லை. முகமெல்லாம் மண். போனில் பாயிடம் சொன்னேன்.

"அப்ப கியர் பெட்டி நல்லாருக்குங்க. முன்னச்சுல போயிப் பூட்டுற பல்லு தேஞ்சிருச்சு. ஏனுங்க, தார் ரோட்டுல நாலு சக்கரத்தப் போட்டுக்கிட்டே வளைவெல்லாம் எறக்குனீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். "ஆமாங்க பாய். நானாத்தான் போட்டேன்."

"எழுபது வளைவுலயுமா? மலையையும் இழுத்துட்டு வராம விட்டீங்களே."

பாய் சிரித்தார். சாமான் சேலத்திலிருந்து வர ஐந்து நாளாம்.

'நானாத்தான்' என்பது பொய். போன மாதம் வண்டிக்குள் கிடந்த ஆங்கிலக் கையேட்டை அகராதி வைத்துப் படித்தேன். வழுக்கும் சரிவில் நாலு சக்கரம் நல்ல பிடிப்புத் தரும் என்றிருந்தது. மலை இறங்கும்போது போடச் சொன்னது நான். ஸ்டியரிங் இறுகுது, அடியில் டக் டக்குன்னு கேக்குது என்று அப்பா சொன்னபோது, அது பிடிப்பின் சத்தம் என்றேன்.

மாலையில் அடுத்த பக்கத்தைப் படித்தேன். காய்ந்த தார் ரோட்டில் போடக் கூடாது. திருப்பங்களில் கூடவே கூடாது. தடித்த எழுத்தில்.

நவ. 6, வியாழன்

வெயில். ஆனால் காற்று இல்லை.

அப்பாவிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். "படிச்ச புள்ள சொல்லுதுன்னு போட்டேன். நீ பாதி படிச்சுட்டு வந்து சொல்லியிருக்க, கண்ணு." அவ்வளவுதான். சாப்பிடப் போய்விட்டார்.

அக்காவை இப்போதே மெல்ல நடத்திக் கூட்டிப் போய் பஸ் ஏற்றி, கீழே சித்தி வீட்டில் விட்டுவிடலாம் என்றாள் அம்மா. நானும் சொன்னேன். அக்கா சிரித்தாள். "பதினாறு நாளைக்கு அடுத்தவங்க ஊட்டுல போயி உக்காந்துக்கவா? நீ ஒருத்தி, வண்டியப் பாத்தாலும் பயம், என்னயப் பாத்தாலும் பயம்." சாமான் வந்துவிடும் என்றார் அப்பா. அம்மா அடுப்படிக்குப் போனாள்.

செம்மண் மேட்டில் பாதையின் விளிம்புக்கு ஊன்றிய கல் ஒரு முழம் கீழே இறங்கியிருக்கிறது. யாரும் தொடவில்லை, மண்தான் நகர்கிறது.

நவ. 7, வெள்ளி

மதியத்திலிருந்து மழை. அறிவியல் வீட்டுப்பாடம் பாக்கி. சாமான் வரவில்லை.

நவ. 8, சனி

மழை விடவே இல்லை.

மாலை 4.10. அக்காவுக்கு இடுப்பு வலி. சூட்டு வலி என்றாள். 5.00. சூட்டு வலி இல்லை.

ஆம்புலன்ஸ் தார் ரோடு வரைதான் வருமாம். பின் சக்கரங்கள் மண்ணில் அழுந்த வண்டியில் ஆறு மூட்டை மணல். பிடிப்புக்கு அவற்றில் கயிறும் சுற்றினார்கள். முன்னால் அப்பா, அம்மா, அக்கா. பின்னால் கீழ்வீட்டு அண்ணன்கள் இரண்டு பேர். நானும் வருகிறேன் என்றேன். "ஊட்டுல இரு சாமி. முன்னால எடமில்ல, பின்னால நீ ஏற வேண்டாம்" என்றார் அப்பா.

6.15. வாசலில் நின்று எழுதுகிறேன். தாளெல்லாம் ஈரம். வண்டியின் வெளிச்சம் மேட்டில் ஏறியது. நின்றது. பின்னால் வந்தது. மறுபடி ஏறியது. இன்ஜின் சத்தம் இங்கே கேட்கிறது.

6.31. வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது. பள்ளத்துப் பக்கம்.

6.40. அம்மா போன். "வண்டி ஏறல. முன் சக்கரம் சும்மா நிக்குது. யாருக்கும் ஒண்ணுமில்ல. பெட்சீட்டுல போட்டுத் தூக்கிட்டுப் போறோம்." பின்னால் அக்காவின் குரல். சொல் புரியவில்லை. இன்னும் முக்கால் கி.மீ. ஏற வேண்டும்.

திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

6.52. வண்டி விளக்குகளை அணைத்துவிட்டார்கள். மேட்டுக்கு மேலே ஒரு டார்ச் வெளிச்சம் மட்டும் மெல்ல ஏறுகிறது.