வெளுத்த சுண்ணாம்பு நீர்

நவம்பர் 2. இரவு 10.40
நிலவு, பனி வெட்டுவோர் குடியிருப்பு, நான்காம் பிளாக், வீடு 17

இது உங்கள் கையில் கிடைத்தால் தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். படித்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். என் பெயர் ஜெசிந்தா. ஒன்பதாம் வகுப்பு. போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

வீட்டுக் காற்றில் கரியமில வாயு: பத்து லட்சத்தில் 4,100 பங்கு. அனுமதி 3,000.

ஆறு மாதமாக பிளாக்கில் எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. நாற்பத்தெட்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு. மூச்சு வாங்கும் என்று துணி துவைப்பதும் வாரம் ஒருமுறைதான். ஸ்கிப்பிங் கிடையாது. கோயில் பாடற்குழு நின்றுவிட்டது. யாரும் வற்புறுத்தவில்லை, நாங்களே கை தூக்கி ஒத்துக்கொண்டோம். இங்கே ஜன்னலைத் திறக்க முடியாது. ஒருவர் விடும் மூச்சு அடுத்தவருக்குப் போகிறது. ஆனாலும் மீட்டர் ஏறிக்கொண்டே இருக்கிறது.

இன்று கல்லறைத் திருநாள். அப்பா சுரங்கத்தில் இறந்து இரண்டு வருடம். ஒரே ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். பதினோரு நிமிடம். அதற்குள் காவலர் வந்துவிட்டார். "நாந்தான் ஏத்துனேன்" என்று அம்மா முந்திக்கொண்டாள்.

ஒலிபெருக்கி, 9.15: "வீடு பதினேழு, அக்சீலியா. தொடர்ந்து அளவு மீறல். மூன்று மாத உறக்கம். ஐந்தாம் தேதி காலை ஆறு மணிக்குத் தயாராக இருக்கவும்."

மருந்து போட்டு உறங்க வைத்தால் மூச்சு குறையும். இதுவரை ஒன்பது பேரை உறங்க வைத்தார்கள். ஏழு பேர்தான் எழுந்தார்கள்.

நவம்பர் 3. இரவு 11.20

பொது இண்டர்காமில் இன்று கேட்டது:

எதிர்வீட்டு ரெஜினா அக்கா: "ஒத்த மெழுகுவத்திக்கு இம்புட்டு ஏறுமா? ஒளிச்சு வச்சு பஜ்ஜி போடுதியோ அக்சீலியா?"

அம்மா: "போட்டா மொதத் தட்டு ஒங்களுக்குத்தாம்க்கா. மோப்பம் புடிச்சு வாசல்ல வந்து நிப்பியள்ல."

ஞானப்பிரகாசம் மாமா: "ஏட்டி, சண்ட போட்டா மூச்சு வாங்கும். எம் மீட்டரும் சேந்து ஏறும். வாய மூடுங்க ரெண்டு பேரும்."

எல்லா வீட்டிலும் சிரித்தார்கள். இண்டர்காமை அணைத்தபின் அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

கணக்குப் போட்டேன். பதினோரு நிமிட மெழுகுவர்த்தி விடுவது, ஒரு ஆள் சும்மா உட்கார்ந்து மூன்று நிமிடம் மூச்சு விடுவதற்குச் சமம். அவ்வளவுதான். ஏற்றுவதற்கு முன்பே மீட்டர் 4,000 தாண்டியிருந்தது. மீட்டர் எவ்வளவு என்று சொல்லும். எங்கிருந்து என்று சொல்லாது.

சுண்ணாம்பு நீர் சொல்லும். கரியமில வாயு பட்டால் பால் மாதிரி வெளுக்கும். பள்ளி ஆய்வகம் பூட்டிக் கிடக்கிறது. ஆனால் ஞானப்பிரகாசம் மாமாவிடம் சுண்ணாம்பு டப்பா இருக்கிறது. வெற்றிலையே முளைக்காத இடத்துக்குத் தூத்துக்குடியிலிருந்து சுண்ணாம்பு கொண்டுவந்த ஒரே மனிதர். கேட்டேன்.

"எதுக்குட்டி?"

"பள்ளிக்கூடத்துக்கு மாமா."

என் முகத்தை ஒருமுறை பார்த்தார். முழு டப்பாவையும் கொடுத்துவிட்டார்.

சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, தெளிந்த நீரை மட்டும் பாட்டிலில் ஊற்றினேன். முதல் முயற்சி வீண். பாட்டில் மேலே முகத்தை வைத்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் மூச்சிலேயே வெளுத்துவிட்டது. மடச்சி.

நவம்பர் 4. அதிகாலை 1.15

இரண்டாம் முயற்சி. ஒரு பாட்டில் அறை நடுவில். ஒன்று காற்றுக்குழாய் வாயில் கட்டியது. அந்த வழியாகத்தான் சுத்திகரித்த காற்று வர வேண்டும். நான் தூர மூலையில்.

அறை நடுவில் இருந்தது வெளுக்க முப்பத்தைந்து நிமிடம். குழாய் வாயில் பன்னிரண்டே நிமிடம்.

நன்றாகப் படியுங்கள். நாங்கள் வெளியே விடுவதால் இல்லை. உள்ளே வருவதே அழுக்கு.

நவம்பர் 4. இரவு 10.30

சாயங்காலம் குழாயைப் பின்தொடர்ந்து போனேன். சுத்திகரிப்பு அறையை விட்டு வரும் இடத்தில் பாட்டில் ஒரு மணி நேரமும் தெளிவாகவே இருந்தது. அங்கிருந்து குழாய் நிர்வாகப் பகுதிக்குள் போகிறது. அவர்களுடைய ரொட்டி அடுப்பு, உடற்பயிற்சிக்கூடம் எல்லாவற்றையும் சுற்றிவிட்டு, மறுபடி சுத்தமாகாமல் நேராக எங்கள் பிளாக்குக்கு வருகிறது. நிர்வாகப் பகுதியை விட்டு அது வெளியே வரும் இடத்தில் ஐந்தே நிமிடம். கெட்டியாக வெளுத்தது.

அவர்கள் ஓடும் மெஷினில் ஓடுகிறார்கள். அந்த மூச்சுக்கு என் அம்மா உறங்க வேண்டுமாம்.

நிர்வாகத்துக்குச் சொன்னேன். பதில், 9.50: "குழாய்ப் பாதையில் மாணவிகள் நடமாடுவது குற்றம். பாட்டில்களை உடனே ஒப்படைக்கவும்."

ஒப்படைக்க மாட்டேன்.

நவம்பர் 5. அதிகாலை 3.50

ஒரு பாட்டிலுக்கு ஒரு சிட்டிகை போதும். டப்பாவில் தாராளமாக இருந்தது. பாட்டிலை முதலில் ரெஜினா அக்காவிடம் கொடுத்தேன். அவர் மீதிச் சுண்ணாம்பை வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். நாற்பத்தெட்டு வீட்டுக் குழாய் வாயிலும் இப்போது பாட்டில் தொங்குகிறது.

பொது இண்டர்காம், 3.20: "ஏ புள்ள ஜெசிந்தா, எங்கூட்டுது மோரு மாதிரி ஆயிட்டு." "எங்கூட்டுதுந்தான்." "ஆறு மாசமா எம் பிள்ளைய ஓடாத ஓடாதன்னு அடிச்சிருக்கேனே, பாவி." கடைசியில் ரெஜினா அக்கா: "அக்சீலியா, நீ எங்கயும் போவாத. ஆறு மணிக்கு எல்லாரும் ஒன் வாசல்ல நிப்போம். பாட்டில எடுத்துட்டு வாங்க எல்லாரும். தொண்ட கிழியப் பாடுவோம். மீட்டர் வெடிச்சா வெடிக்கட்டும்."

நாங்கள் குறைத்தது பொய்யில்லை. ஒரே அடுப்பு போதும். துணி வாரம் ஒருமுறை போதும். இனியும் அப்படித்தான் இருப்போம், அது எங்களுக்குத் தெரிந்த வேலை. ஆனால் அம்மாவின் மூச்சில் கை வைக்க விடமாட்டேன். பயமாக இருக்கிறது. விடமாட்டேன்.

4.35

அம்மா தலை வாரிக்கொண்டிருக்கிறாள். ஆறு மணிக்கு இன்னும்

கதவு. யாரோ தட்டுகிறார்கள். ரெஜினா அக்கா என்றால் கூப்பிட்டுக்கொண்டே தட்டுவார். இது பேசாமல் தட்டுகிறது. நான் இண்டர்காமைத் திறந்துவிட்டேன், நாற்பத்தெட்டு வீட்டுக்கும் கேட்கட்டும். அம்மா, திறக்கா