காலி இடத்தில் நட்ட கத்தரி

என் பிடிவாதக்காரத் தம்பி செல்வத்துக்கு,

திட்டத்தான் எழுதறேன். ஒரு காய்ச்சலுக்கெல்லாம் மனுஷன் போவானாடா? ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு, "அக்கா, சாயந்திரம் செடிக்குத் தண்ணி விடணும்"னு சொன்னே. அதுக்கப்புறம் என்கிட்ட நீ ஒரு வார்த்தை பேசல. எனக்கு ஏதாவது சொல்லிட்டுப் போயிருக்கலாமில்ல?

மாடம்பாக்கத்துல நம்ம வீட்டுக்குப் பின்னால மிச்சமிருக்கற துண்டு நிலத்துல, ஞாயித்துக்கிழமை ஆனா மண்வெட்டியோட நிப்பே. விதைக் கம்பெனியில வாரம் பூரா செடியோட மல்லுக்கட்டறது பத்தாதான்னு கேப்பேன். சுத்தி எல்லாரும் மனை போட்டு வித்துட்டாங்க, நீ மட்டும் கத்தரிக்காய் வெச்சே. இளம்பச்சையில ஊதாக் கோடு ஓடும், காம்புல முள்ளு இருக்கும். நல்ல காயா பாத்துப் பாத்து விதை எடுத்து, வருஷக்கணக்கா வளத்த ரகம் அது.

அதை உன் பேர்ல பதிவு பண்ணணும்னு ஒத்தக் கால்ல நின்னே. சாப்பிடறப்போகூட எனக்குப் பாடம்தான். புது ரகம்னா மத்ததுலேருந்து தனியாத் தெரியணும், செடிக்குச் செடி ஒரே மாதிரி இருக்கணும், அடுத்த பருவத்திலயும் மாறாம வரணும். ஒரு பருவம் ரகம் பதியற ஆபீஸ்காரங்க பண்ணையில வெச்சுப் பாத்தாச்சு, இன்னொண்ணு நம்ம நிலத்துல, ஆபீசருங்க நேர்ல வந்து பாப்பாங்கன்னு சொன்னே. நடுவுல செடி செத்தா அந்த இடத்தை அப்படியே விட்டுடணும், வேற எதையும் நடக்கூடாதுன்னும் சொன்னே. இதையெல்லாம் எங்கிட்ட சொன்னியே, அப்பாகிட்ட ஏன்டா சொல்லல?

நாத்து எடுத்து நட்ட மறு வாரம் நீ போயிட்டே. வீடு பூரா ஜனம், செடிய யார் பாக்கறது? காரியம் முடிஞ்சப்புறம்தான் அப்பா பின்பக்கம் போனார். வரிசைக்கு வரிசை அங்கங்க காஞ்சு கிடந்துச்சு. விவசாயம் பண்ணின கை, காலி இடத்தைப் பாத்துட்டு சும்மா இருக்குமா? நான் வேலைக்குப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தைக்குப் பஸ் ஏறிப் போய், ஈரச் சாக்குல சுத்திக் கத்தரி நாத்து வாங்கிட்டு வந்து நட்டுட்டார். பின்பக்கம் போகவே மனசு வராம இருந்த எனக்குத் தெரியவே தெரியாது. அதுவரைக்கும் சோத்தைப் பிசைஞ்சு வெச்சுட்டு எழுந்து போனவர் அன்னைக்கு ரசம் கேட்டுச் சாப்பிட்டார். நான் சந்தோஷப்பட்டேன்டா.

செடியெல்லாம் காய்ச்சு நிக்கறப்போ ஆபீசர் அம்மா வந்தாங்க. அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு நின்னார். உன் காய்ங்களுக்கு நடுவுல அங்கங்க கரும் ஊதாவா, மொழுமொழுன்னு வேற காய் தொங்குது. அந்தம்மா ரெண்டு வரிசை நடந்து பாத்துட்டு, "இதெல்லாம் அப்புறமா வெச்சதாங்கய்யா?"ன்னு கேட்டாங்க.

"ஆமாம்மா," அப்பா சொல்றார், அவ்வளவு பெருமையா. "புள்ள போன துக்கத்துல கொஞ்சம் செடி பூட்ச்சு. நீங்க வந்து பாக்கசொல்ல வெறிச்சோன்னு இருக்கலாமா? ஒரு எடம்கூட காலியா வுடல."

அந்தம்மா எழுதறதை நிறுத்திட்டாங்க. என்னைத் தனியாக் கூப்பிட்டு மெதுவாத்தான் சொன்னாங்க. "வேற செடி கலந்தா நாங்க ஏத்துக்க முடியாதும்மா. பக்கத்துப் பக்கத்துல பூத்து மகரந்தம் கலந்திருக்கும், இந்தக் காய் விதையும் வேணாம். பழைய விதை இருந்தா அடுத்த பருவம் திருப்பி வெச்சுக் காட்டுங்க. காலியா விட்டிருந்தா சோதனை இந்தப் பருவத்தோடயே முடிஞ்சிருக்கும்."

திரும்பினா அப்பா பின்னால நிக்கறார். எல்லாத்தையும் கேட்டுட்டார். அவங்க போனதும் என்னைப் பாத்து, "எம் புள்ள பேர நானே அழிச்சுட்டனாம்மா?"ன்னார். இல்லப்பா, இல்லப்பான்னு சொன்னேன். வேற என்னடா சொல்றது? அடுப்படியில போய் முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு அழுதேன். நீ போனன்னைக்குக்கூட நான் அப்படி அழல.

ஃபிரிட்ஜுல நீ வெச்சிருந்த விதையை எடுத்து, தையில மறுபடியும் நாத்து விட்டு நட்டோம். மூணாவது தெருவுல புதுசா ஃபிளாட்டு எழும்புது, அந்தத் தூசி மொத்தமும் உன் செடி மேலதான். இந்த முறையும் சிலது செத்துப் போச்சு. அப்பா தொடல. பக்கத்து மனைக்காரர் நல்லெண்ணத்துல நாத்து கொண்டுவந்து குடுத்தப்போ, வாசலோட திருப்பி அனுப்பிட்டார்.

நேத்து காலையில காபி கொண்டு போனேன். குனிஞ்சு ஒவ்வொரு செடிக்கும் சொம்புல தண்ணி ஊத்திக்கிட்டே வரார். காலி இடம் வந்துது. நின்னார். அங்கயும் ஊத்தினார்.

"அப்பா, அங்க செடி இல்லையே."

"தெரியும்மா," சொன்னார், நிமிராமலே. "காலியா இருக்கணும்னுதான சொன்னாங்கோ. காஞ்சு கெடக்கணும்னு சொல்லலியே."

காபியைக் கீழ வெச்சுட்டு உள்ள வந்துட்டேன்.

அவங்க மறுபடியும் வர்றன்னைக்கு நான் லீவு போட்டுட்டு அப்பா பக்கத்துல நிப்பேன். உன் பேர் ஏறினாலும் ஏறாட்டியும், அந்த இடத்துல யாரையும் எதையும் நட விடமாட்டேன்டா செல்வம். இது சத்தியம்.

திட்டித் தீராத,
உன் அக்கா மல்லிகா